ஒரு வரி திருத்தத்துக்கு 9 நாள்: ஆப் ஐடியும் கோட் சைனிங்கும் எங்களைச் சுற்றவிட்ட கதை

திருத்தம் ஒரே வரிதான். நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்காததால் ஆர்டர் பட்டியலில் தேதி ஒரு நாள் தள்ளிக் காட்டியது. 20 நிமிடத்தில் சரிசெய்து, சோதித்து, மெயின் கிளையில் சேர்த்தாயிற்று. அது இரண்டு ஸ்டோர் வழியாகவும் பயனர் கைக்குப் போய்ச் சேர 9 நாள் பிடித்தது. அந்த 9 நாளும் ஆப்பின் லாஜிக்கில் நாங்கள் கை வைக்கவே இல்லை. ஆப் இன்னாருடையதுதான் என்று காட்ட அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதுதான் கோட் சைனிங். அதற்கு வேண்டிய ஐடி, சான்றிதழ், சாவி, புரொஃபைல் என்று இவற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தோம். இதில் பாதிக் குழப்பம் நான் அவசரப்பட்டுச் செய்தது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கைக்கு வந்தது என்ன

ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் ஆப் கட்டும் ஃப்ளட்டரில் எழுதியது. ஒரே கோட்பேஸ், அதிலிருந்து ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்று இரண்டு ஃப்ளேவர், அதாவது சோதனைக்கு ஒரு வடிவம், பயனருக்கு ஒரு வடிவம். ஐஓஎஸ் பக்கம் நோட்டிஃபிகேஷனில் படம் காட்டுவதற்காக ஒரு எக்ஸ்டென்ஷனும் (ஆப்போடு சேர்ந்து வரும் துணை நிரல்) உண்டு. லாகின் கூகுள் வழியாகவும் ஆப்பிள் வழியாகவும். எங்களுக்கு முன்னால் ஒப்பந்த அடிப்படையில் ஒருவர் தனியாளாகக் கட்டியது, அவர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். அவர் வேலை செய்த மேக் வாடிக்கையாளர் நிறுவனத்துடையது, அதை அழித்துச் சுத்தமாக்கி வேறொருவர் மேசையில் வைத்துவிட்டார்கள். எங்கள் நாலு பேர் அணிக்கு வந்தது ஒரு கிட் ரெப்போ (கோடு இருக்கும் களஞ்சியம்), ஆப்பிள் டெவலப்பர் கணக்கில் அட்மின் அனுமதி, பிளே ஸ்டோரின் நிர்வாகப் பக்கமான பிளே கன்சோலில் அனுமதி, அப்புறம் "எல்லாம் ரெப்போவிலேயே இருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல்.

சாவிகள் மட்டும் ரெப்போவில் இல்லை. இருக்கவும் கூடாது, அது சரியான வழக்கம்தான். சரி, அப்படியானால் வேறெங்கே இருக்கின்றன என்று பொறுப்பை வாங்கிக்கொண்ட அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஐடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் சிக்கல் பலவும் இதில்தான் வேர் விட்டிருந்தது. ஐடி என்றால் ஸ்டோரும் போனும் ஆப்பை அடையாளம் காணும் பெயர். ஆண்ட்ராய்டில் ஆப்பின் ஐடியில் ஓர் அண்டர்ஸ்கோர் இருந்தது. ஐஓஎஸ்ஸில் அதே பெயர் அண்டர்ஸ்கோர் இல்லாமல், இரண்டாவது சொல் பெரிய எழுத்தில் தொடங்கும்படி ஒட்டி எழுதப்பட்டிருந்தது. யாரும் திட்டமிட்டு வைத்த வித்தியாசம் இல்லை இது. ஆப்பிளில் இந்த ஐடிக்குப் பண்டில் ஐடி என்று பெயர், அதில் எழுத்து, எண், புள்ளி, ஹைஃபன் இவ்வளவுதான் செல்லும், அண்டர்ஸ்கோர் ஆகாது. ஆண்ட்ராய்டில் அதற்கு நேர்மாறு, அண்டர்ஸ்கோர் செல்லும், ஹைஃபன் ஆகாது. ஃப்ளட்டரில் பிராஜெக்ட் பெயரை அண்டர்ஸ்கோரோடு கொடுத்து உருவாக்கினால் அதுவே ஐஓஎஸ் பக்கத்துக்குப் பெயரை மாற்றி ஒட்டிவிடும். இப்படி முதல் நாளிலேயே ஒரே ஆப்புக்கு இரண்டு ஐடி வந்துவிட்டது, எங்களில் இரண்டு பேர் இரண்டும் ஒன்றுதான் என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஆப் தொடங்குபவர் ஐடியில் சிறிய எழுத்து, எண், புள்ளி தவிர வேறு எதையும் வைக்காமல் இருந்தால் இந்த ஒரு தலைவலியாவது இல்லை.

முதல் நாள்: செய்தியின் கடைசிப் பகுதி

புது மேக்கில் ஆப்பிளின் ஆப் கட்டும் கருவியான எக்ஸ்கோடை நிறுவி, கணக்கைச் சேர்த்து, ஸ்டோருக்கான பொதியைக் கட்டும் ஆர்க்கைவ் கட்டளையைக் கொடுத்தோம். வந்த பிழையைத் தமிழில் சொன்னால் இப்படி: இந்த டீம் ஐடிக்கு (ஆப்பிள் கணக்கின் அடையாளம்) பொருந்தும் டிஸ்ட்ரிபியூஷன் (விநியோக) சான்றிதழ், பிரைவேட் கீயோடு சேர்ந்ததாக, எதுவும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த பிரைவேட் கீ பற்றிய பகுதி வாக்கியத்தின் கடைசியில் தொங்கும். எங்கள் கண்ணில் பட்டது 'சான்றிதழ் கிடைக்கவில்லை' மட்டும்தான். ஆப்பிளின் டெவலப்பர் போர்டலைத் திறந்தால் சான்றிதழ் அங்கே ஜம்மென்று இருக்கிறது, காலாவதியாக இன்னும் 7 மாதம். இறக்கி, இரட்டை கிளிக் செய்தோம், மேக்கின் சாவிப்பெட்டியான கீசெயினில் போய் உட்கார்ந்தது. திரும்ப ஆர்க்கைவ், அதே பிழை. அப்புறம் வழக்கமான சடங்குகள்: எக்ஸ்கோடை மூடித் திறப்பது, டெரைவ்டு டேட்டாவை அழிப்பது, மேக்கையே ரீஸ்டார்ட் செய்வது. ஒரு மணி நேரம் இதிலேயே போனது.

உண்மையில் என்ன நடக்கிறது என்றால், சான்றிதழ் வேண்டி நாம் ஒரு சிஎஸ்ஆர் (சான்றிதழ் கோரிக்கை) கோப்பு உருவாக்கும்போது மேக் ஒரு சாவி ஜோடியைச் செய்கிறது. பப்ளிக் கீ சிஎஸ்ஆரில் ஏறி ஆப்பிளுக்குப் போகிறது. பிரைவேட் கீ அந்த மேக்கின் கீசெயினிலேயே தங்கிவிடுகிறது, ஆப்பிள் அதைப் பார்ப்பதே இல்லை. ஆப்பிள் பப்ளிக் கீயில் கையெழுத்திட்டுத் திருப்பித் தருவதுதான் சான்றிதழ். அதைப் போர்டலிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம், ஆனால் கையெழுத்துப் போடும் கை அதில் கிடையாது. அந்தக் கை பழைய மேக்கோடு அழிந்துவிட்டது. கீசெயின் ஆக்ஸஸில் சான்றிதழின் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணம் இருந்து, அதை விரித்தால் சாவி தெரிந்தால்தான் அது பயன்படும். எங்களுடையதில் முக்கோணமே இல்லை. டெர்மினலில் செக்யூரிட்டி கட்டளையை ஃபைண்ட்-ஐடென்டிட்டி என்று ஓட்டிப் பார்த்திருந்தால் செல்லுபடியாகும் ஐடென்டிட்டி (சான்றிதழும் சாவியும் சேர்ந்த ஜோடி) 0 என்று அரை நொடியில் சொல்லியிருக்கும். அதை மூன்றாம் நாள்தான் ஓட்டினோம்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சாவி இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்ய, பழையதை ரிவோக், அதாவது ரத்து, செய்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்று போர்டலில் ரிவோக் பொத்தானை அழுத்தினேன். புதிது எடுப்பதற்கு ரிவோக் தேவையே இல்லை, பழையதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்று எடுத்திருக்கலாம், கணக்கில் அதற்கு இடம் இருந்தது.

அரை மணி நேரத்தில் வாடிக்கையாளரின் இன்னொரு அணியிடமிருந்து செய்தி வந்தது, அவர்கள் ஆப்பின் பில்ட் (கோடிலிருந்து ஆப்பைக் கட்டும் வேலை) விழுந்துவிட்டது என்று. அப்படி ஒரு அணி இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். டிஸ்ட்ரிபியூஷன் சான்றிதழ் ஓர் ஆப்புக்கு உரியது இல்லை, முழு டீமுக்கும் உரியது. அவர்கள் அதே சான்றிதழைச் சாவியோடு பி12 கோப்பாக, ஆப்பைத் தானாகவே கட்டும் தங்கள் சிஐ சர்வரில் வைத்திருந்தார்கள். அதாவது நாங்கள் தேடிய பிரைவேட் கீ உயிரோடு, ஒரு மின்னஞ்சல் தூரத்தில், கேட்டால் கிடைக்கும் இடத்தில் இருந்திருக்கிறது. அதைத்தான் செல்லாக்காசாக்கியிருந்தேன்.

சேதக் கணக்கு பெரிதாக இல்லை, அது அதிர்ஷ்டம். ஆப் ஸ்டோரில் ஏற்கெனவே இருக்கும் ஆப்கள், மெம்பர்ஷிப் உயிரோடு இருக்கும் வரை, டிஸ்ட்ரிபியூஷன் சான்றிதழ் காலாவதியானாலும் ரிவோக் ஆனாலும் பாதிக்கப்படுவதில்லை. ஸ்டோரிலிருந்து போகும் பிரதியில் ஆப்பிளே தன் கையெழுத்தைப் போட்டுத்தான் அனுப்புகிறது. அந்தச் சான்றிதழால் புது அப்டேட் ஏற்ற முடியாது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சுட்டும் புரொஃபைல்கள் (எந்த ஆப் எந்தச் சான்றிதழோடு ஓடலாம் என்ற அனுமதிக் கோப்புகள்) எல்லாம் அந்த நொடியே செல்லாதவை ஆகிவிட்டன, ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாக நிறுவ டெஸ்டர்களுக்காக வைத்திருந்த ஆட்-ஹாக் லிங்கிலிருந்து ஸ்டேஜிங் ஆப்பை நிறுவவும் முடியவில்லை. இதுவே நிறுவனத்துக்குள் மட்டும் விநியோகிக்கும் என்டர்பிரைஸ் கணக்காக இருந்திருந்தால் ஊழியர் ஒவ்வொருவர் போனிலும் ஆப் திறக்காமலே போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

புரொஃபைலுக்குள் என்ன இருக்கிறது

புது சிஎஸ்ஆர், புது சான்றிதழ், உடனே பி12 ஆக எக்ஸ்போர்ட் செய்து கடவுச்சொல்லோடு பாதுகாப்பான இடத்தில் வைத்து, அந்த இன்னொரு அணிக்கும் ஒரு பிரதி கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, அதெல்லாம் இரண்டாம் நாள் மதியத்துக்குள் முடிந்தது. அப்புறமும் பில்ட் ஓடவில்லை. எக்ஸ்கோட் இப்போது புரொஃபைல் பற்றிப் புகார் சொன்னது.

புரொவிஷனிங் புரொஃபைலை மந்திரக் கோப்பு மாதிரி பார்ப்பதை நாங்கள் நிறுத்தியது அன்றைக்குத்தான். செக்யூரிட்டி கட்டளையின் சிஎம்எஸ் பிரிவால் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு சாதாரண பிளிஸ்ட், அதாவது ஒரு பட்டியல் கோப்பு. எந்த ஆப் ஐடி, எந்தெந்தச் சான்றிதழ்கள், என்னென்ன என்டைட்டில்மென்ட் (புஷ் போன்ற வசதிகளுக்கான அனுமதி), டெவலப்மென்ட் அல்லது ஆட்-ஹாக் என்றால் எந்தெந்தக் கருவிகள், எந்தத் தேதி வரை. இவ்வளவுதான். பில்ட்டின் பண்டில் ஐடி, கீசெயினில் உள்ள சாவி, என்டைட்டில்மென்ட் கோப்பு இவற்றில் ஒன்று அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் பிழைதான். எக்ஸ்கோட் தரும் செய்தி சங்கிலி அறுந்த இடத்தைச் சொல்லாமல் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு கத்தும். அதனால் இப்போதெல்லாம் செய்தியைப் பார்த்ததும் நாங்கள் எதையும் அழிப்பதில்லை. புரொஃபைலைப் பிரித்து, பில்ட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுகிறோம், பத்து நிமிட வேலை.

ஆப் ஐடி என்பதும் பண்டில் ஐடி என்பதும் ஒன்றில்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆப் ஐடி என்பது ஒரு முன்னொட்டு, பெரும்பாலும் 10 எழுத்து கொண்ட டீம் ஐடி, அதைத் தொடர்ந்து பண்டில் ஐடி. போனின் கீசெயினில் ஆப் சேமிக்கும் ரகசியங்கள், யுனிவர்சல் லிங்குக்காக (வெப் லிங்கைத் தொட்டால் ஆப் திறப்பதற்காக) வெப்சைட்டில் வைக்கும் கோப்பு எல்லாம் முன்னொட்டோடு சேர்ந்த முழு ஐடியைத்தான் பார்க்கும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

பிரித்துப் பார்த்ததில் இரண்டு பழைய பூதம் வெளிவந்தது.

ஒன்று, ஸ்டேஜிங் ஃப்ளேவருக்குத் தனி ஆப் ஐடி பதியாமல் வைல்டுகார்டு ஐடி போட்டிருந்தார்கள், நட்சத்திரத்தில் முடியும் வகை. ஒரே புரொஃபைலில் பல ஆப் ஓடும் என்பதால் வசதிதான், ஆனால் வைல்டுகார்டில் புஷ் நோட்டிஃபிகேஷன் கிடையாது. புஷ்ஷுக்கான என்டைட்டில்மென்ட் இருந்தால் பில்ட் ஓடாது என்பதால் ஸ்டேஜிங்கின் கோப்பிலிருந்து அந்த வரியையே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். பிழை மறைந்தது, புஷ்ஷும் மறைந்தது. லாக்கில் ஏபிஎஸ்-என்விரான்மென்ட் (அந்த புஷ் வரி) என்டைட்டில்மென்ட் எதுவும் காணவில்லை என்று ஒரு வரி ஒவ்வொரு முறையும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. ஸ்டேஜிங்கில் புஷ் வராது, புரொடக்‌ஷனில் வரும் என்பதை டெஸ்டர்கள் ஏதோ சர்வர் கோளாறு என்று பழகிக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்று எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷனின் பண்டில் ஐடி தாய் ஆப்பின் ஐடியில் தொடங்கி, அதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் சொல்லும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வைல்டுகார்டை ஒழித்து, ஸ்டேஜிங்குக்குத் தனி ஐடி கொடுத்ததும் தாயின் ஐடி மாறிவிட்டது. எக்ஸ்டென்ஷனின் ஐடி பழைய புரொடக்‌ஷன் பெயரிலேயே இருந்ததால் முன்னொட்டு பொருந்தவில்லை என்று பில்ட் நின்றது. எக்ஸ்டென்ஷனுக்கும் தனி ஆப் ஐடி, தனி புரொஃபைல் வேண்டும். ஆக இரண்டு ஃப்ளேவர், ஒவ்வொன்றிலும் ஆப்பும் எக்ஸ்டென்ஷனும், மொத்தம் 4 ஆப் ஐடி, ஸ்டோருக்கும் டெவலப்மென்ட்டுக்கும் என்று 8 புரொஃபைல். இதைக் கையால் பராமரிக்கும் ஆசையை அன்றே விட்டுவிட்டு ஃபாஸ்ட்லேனின் மேட்ச் கருவிக்குப் போனோம், சான்றிதழும் சாவியும் புரொஃபைலும் மறையாக்கம் செய்து ஒரு தனி கிட் ரெப்போவில் இருக்கும், எந்த மேக்கிலும் ஒரே கட்டளையில் இறங்கும். எக்ஸ்கோடே பார்த்துக்கொள்ளும் தானியங்கி சைனிங் மோசமில்லை, ஒருவர் ஒரு மேக் என்றால் அதுவே போதும் என்பேன். பில்ட் சர்வர், நாலு பேர், இரண்டு ஃப்ளேவர் என்று வந்துவிட்டால் யார் எப்போது எந்தச் சான்றிதழை உருவாக்கினார்கள் என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

சிஐ சர்வரில் ஒரு சின்ன முட்டு. என் மேக்கில் ஓடும் பில்ட் அங்கே மட்டும் இன்டர்னல்காம்போனன்ட் என்று முடியும் ஒரு அர்த்தமற்ற பிழையோடு விழுந்தது. அதன் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான், கீசெயின் பூட்டிக் கிடக்கிறது அல்லது சாவியைத் தொட கோட்சைன் கருவிக்கு அனுமதி இல்லை. மேக்ஓஎஸ் சியராவிலிருந்து சாவிக்குப் பார்ட்டிஷன் லிஸ்ட் என்று தனி அனுமதி வந்துவிட்டது. மேசையில் இருக்கும் மேக்கில் ஒரு பெட்டி எழும்பி அனுமதி கேட்கும், 'எப்போதும் அனுமதி' என்று அழுத்திவிடுவோம். சர்வரில் பெட்டியை அழுத்த ஆள் ஏது. செட்-கீ-பார்ட்டிஷன்-லிஸ்ட் என்ற துணைக்கட்டளையை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

ஐந்தாம் நாள் ஐஓஎஸ் பில்ட் மேலே ஏறியது. ஆட்-ஹாக் லிங்கை மூடிவிட்டு டெஸ்டர்களை ஆப்பிளின் சோதனை விநியோக வழியான டெஸ்ட்ஃப்ளைட்டுக்கு மாற்றினோம். ஆட்-ஹாக்கில் ஒரு வகைக் கருவிக்கு வருடத்துக்கு 100 என்ற வரம்பு, நீக்கினாலும் அந்த இடம் மெம்பர்ஷிப் புதுப்பிக்கும் வரை திரும்பக் கிடைக்காது என்ற தொல்லை, இரண்டும் ஒழிந்தன. டெஸ்ட்ஃப்ளைட் பில்ட் 90 நாளில் காலாவதியாகும், அது பரவாயில்லை.

ஆண்ட்ராய்டு பக்கம்

ஆண்ட்ராய்டு எளிது, சாவி இருக்கும் ஒரு கீஸ்டோர் கோப்புதானே என்று நினைத்திருந்தோம். அந்த ஒரு கோப்புதான் இல்லை. ஆண்ட்ராய்டு ஆப்பைக் கட்டும் கிரேடில் அமைப்பில் கீ.பிராப்பர்ட்டீஸ் என்ற, கீஸ்டோர் விவரம் உள்ள கோப்பைப் படிக்கும் வரிகள் இருந்தன, கோப்பு பழைய மேக்கோடு போயிருந்தது.

ஆண்ட்ராய்டு சைனிங்கின் தத்துவம் ஆப்பிளுக்கு எதிர்த் திசை. இங்கே சான்றிதழை யாரும் வழங்குவதில்லை, கீடூல் என்ற கருவியை வைத்து நாமே நமக்குக் கையெழுத்திட்டுக்கொள்கிறோம். அது யார் என்று சிஸ்டத்துக்குக் கவலை இல்லை, நேற்று போட்டவரும் இன்று போடுபவரும் ஒருவரா என்பதே கேள்வி. அதனால்தான் வழக்கமான எடுத்துக்காட்டுகளில் செல்லுபடிக் காலம் 10000 நாள் என்று இருக்கும், கிட்டத்தட்ட 27 வருடம். பிளே ஸ்டோரும் 2033 அக்டோபர் 22க்குப் பிறகு வரை செல்லுபடியாகும் சாவியைத்தான் ஏற்கும். முன்பெல்லாம் இந்தச் சாவி தொலைந்தால் ஆப்பும் தொலைந்த மாதிரிதான், புது ஐடியில் புது ஆப்பாக வெளியிட்டு, இருக்கும் பயனர்களைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது பிளே ஆப் சைனிங். அதில் சாவி இரண்டு. பயனர் போனுக்குப் போகும் ஏபிகேயில் (நிறுவும் கோப்பு) கையெழுத்திடும் ஆப் சைனிங் கீ கூகுளிடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அப்லோட் கீ, ஏற்றியது நாம்தான் என்று காட்டுவதற்கு மட்டும். 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப்கள் ஏஏபி வடிவில்தான் (அதிலிருந்து ஏபிகேயைக் கூகுளே கட்டிக்கொள்ளும்) ஏற வேண்டும் என்பதால் அதன்பின் வந்தவை எல்லாமே இந்த முறையில்தான் இருக்கும், எங்களுடையதும் அப்படியே. நாங்கள் தொலைத்தது அப்லோட் கீயை மட்டும். புது கீஸ்டோர் செய்து, அதன் சான்றிதழைப் பெம் வடிவில் எடுத்து, பிளே கன்சோலில் அப்லோட் கீ ரீசெட் கோரினோம். கணக்கின் உரிமையாளரைப் பிடித்து அதைச் செய்யவைக்க ஒரு நாள், புது கீ செயலுக்கு வர இரண்டு நாள்.

காத்திருந்த நேரத்தில் டெஸ்டர் ஒருவருக்குப் புது கீயால் கட்டிய ரிலீஸ் ஏபிகேயை நேரடியாக அனுப்பினோம், சும்மா இருக்க மாட்டாமல். நிறுவலே நடக்கவில்லை, ஏற்கெனவே உள்ள ஆப்போடு பொருந்தவில்லை என்று வந்தது. அது சரிதான், அவர் போனில் இருந்தது பிளேயிலிருந்து வந்தது, கூகுளிடம் உள்ள சாவி. நாங்கள் அனுப்பியது அப்லோட் சாவி. ஐடி ஒன்று, கையெழுத்து வேறு என்றால் ஆண்ட்ராய்டு அதை அப்டேட் என்று ஏற்காது, ஏற்கவும் கூடாது, இல்லாவிட்டால் எவர் வேண்டுமானாலும் நம் ஆப்பின் மேல் தன் ஆப்பை ஏற்றி அதன் தரவை அள்ளிக்கொள்ளலாமே. அவர் எங்களைக் கேட்காமல் பழைய ஆப்பை நீக்கிவிட்டு நிறுவினார். நிறுவியது. சர்வருக்கு இன்னும் ஏறாமல் போனிலேயே இருந்த இரண்டு நாள் பதிவுகள் ஆப்போடு சேர்ந்து போயின. இந்தக் கதை முழுவதிலும் திரும்பிவராமல் போனது அது மட்டும்தான், "போனா போகட்டும், திரும்ப எண்ட்ரி போட்டுக்கறேன்" என்று அவர் சொன்னது இன்னும் குத்துகிறது.

அடுத்து அவர் சொன்னார், கூகுள் லாகின் வேலை செய்யவில்லை. லாக்கில் பிழை எண் 10. ஆண்ட்ராய்டில் கூகுள் லாகினைத் தொட்டவர்களுக்கு இந்த 10 நன்றாகப் பழக்கமாகியிருக்கும், டெவலப்பர் எரர் என்பார்கள். கூகுளிடம் லாகினுக்கான கிளையண்டைப் பதியும்போது ஆப்பின் ஐடியையும் சான்றிதழின் ஷா-1 கைரேகையையும் (அதை அடையாளம் காட்டும் சுருக்க எண்) ஜோடியாகக் கொடுக்கிறோம், ஓடும் ஆப்பின் ஜோடி பதிவில் இல்லையென்றால் 10. வழக்கமாக இது எல்லாருக்கும் நடப்பது எதிர்த் திசையில்: டெவலப்பர் தன் மேக்கில் உள்ள கைரேகையை மட்டும் பதிந்திருப்பார், அங்கே லாகின் பிரமாதமாக ஓடும், பிளேயிலிருந்து இறக்கிய ஆப்பில் மட்டும் விழும், ஏனென்றால் அங்கே கையெழுத்து கூகுளிடம் உள்ள சாவி. எங்கள் விஷயத்தில் பிளே பிரதி ஓடியது, கையில் கட்டியது விழுந்தது. பதிவில் இருந்தவை பழைய அப்லோட் கீயும் ஆப் சைனிங் கீயும், புது அப்லோட் கீயின் கைரேகை எங்கும் இல்லை.

கைரேகைகளை உட்கார்ந்து எண்ணினோம். ஆப் சைனிங் கீ ஒன்று, அப்லோட் கீ ஒன்று, ஒவ்வொருவர் கணினியிலும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ தானே செய்துகொள்ளும், சோதனைக்கான டீபக் கீஸ்டோர் நாலு. டீபக் கீஸ்டோர் எல்லாவற்றுக்கும் கடவுச்சொல்லும் ஏலியஸும் (சாவிக்கு வைக்கும் பெயர்) ஒன்றே என்பதால் சாவியும் ஒன்றே என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, மெஷினுக்கு ஒன்று. ஸ்டேஜிங் ஃப்ளேவருக்கு மட்டும் ஒரு பொது டீபக் கீஸ்டோரை ரெப்போவிலேயே வைத்துவிட்டோம், அதற்கு ரகசியம் எதுவும் இல்லை, நாலு கைரேகை ஒன்றானது. டெஸ்டர்களுக்கு இனி நேரடி ஏபிகே கிடையாது, பிளேயின் இன்டர்னல் டெஸ்டிங் தடம்தான், அதில் வருவது உண்மையான ஆப் சைனிங் கீயால் கையெழுத்தானது. பெயரில் இதைப் போலவே இருக்கும் இன்டர்னல் ஆப் ஷேரிங் வேறு, அது தனக்கென்று வேறொரு சாவி வைத்திருக்கிறது. நாங்கள் ஒருமுறை மாற்றிக் கொடுத்து, அதே பிழை 10ஐ இன்னொரு சுற்று பார்த்தோம்.

நடுவில் வந்த வேண்டுகோள்

ஏழாம் நாள் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து போன். "கம்பெனி பேர் மாறிடுச்சே, இதோட சேர்த்து அந்த ஐடியையும் புதுப் பேருக்கு மாத்திடுங்க சார்." ஐடியில் பழைய நிறுவனத்தின் டொமைன் பெயர் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது, அவருக்கு அது உறுத்தியது, நியாயம்தான்.

எங்களில் ஒருவர் கிரேடில் கோப்பில் மாற்றியும்விட்டார், கமிட் ஆவதற்குள் பிடித்தோம். வெளியான பிறகு ஐடி என்பது அமைப்பு இல்லை, அதுதான் ஆப். பிளேயில் வேறு அப்ளிகேஷன் ஐடியோடு (ஆண்ட்ராய்டில் ஆப்பின் ஐடிக்கு இதுதான் பெயர்) ஒரு ஏஏபியை ஏற்றினால் பேக்கேஜ் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும். ஆப் ஸ்டோர் கனெக்டிலும் முதல் பில்ட் ஏறியபின் பண்டில் ஐடியை மாற்ற முடியாது. மாற்றுவது என்றால் புது ஆப், பூஜ்ஜியம் டவுன்லோட், பூஜ்ஜியம் ரிவ்யூ. கிரேடிலில் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தாராளமாக மாற்றலாம், அது கோடுக்குள் உருவாகும் வகுப்புகளுக்கான பெயர் மட்டும், ஸ்டோருக்குத் தெரியாது. பயனர் பார்க்கும் பெயர், ஐகான், நிறுவனப் பெயர் எல்லாமே மாற்றலாம். ஐடியை யாரும் பார்ப்பதில்லை, பழைய பெயர் அதிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம். ஐடியில் நிறுவனத்தின் பெயரை வைக்கும்போது அது மாறலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எட்டாம் நாள் பிளே பில்ட் ஏறியது, ஒன்பதாம் நாள் இரண்டு ஸ்டோரிலும் தேதி சரியாகத் தெரிந்தது.

இப்போது எப்படி இருக்கிறது

ஒரே ஒரு பக்கம் உள்ள ஆவணம். 4 ஆப் ஐடி, 2 அப்ளிகேஷன் ஐடி, ஒவ்வொரு சாவியும் எங்கே இருக்கிறது, யாரிடம் அனுமதி, காலாவதி எப்போது. ஆப்பிள் சான்றிதழும் புரொஃபைலும் வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகும், 30 நாள் முன்பே நினைவூட்டல் வரும்படி நாட்காட்டியில் போட்டாயிற்று. புஷ் அனுப்ப நம் சர்வர் பயன்படுத்தும் பி8 சாவி காலாவதியாகாது, ஆனால் போர்டலிலிருந்து ஒரே முறைதான் இறக்க முடியும். பழையதை இறக்கிய கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாததால் புதிதாக ஒன்று எடுத்து, சர்வரில் மாற்றிவிட்டுத்தான் பழையதை ரிவோக் செய்தோம், இந்த முறை அந்த வரிசையில். ரிவோக் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டாவது ஆளிடம் சொல்ல வேண்டும் என்று ஆவணத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறோம். அந்த வரியை எழுதியது நான்தான், எழுதவைத்ததும் நான்தான்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. பெயர் மாறிய நிறுவனம் இப்போது புதிதாகத் தனி ஆப்பிள் கணக்கு எடுத்திருக்கிறது, ஆப்பை அங்கே டிரான்ஸ்ஃபர் செய்யக் கேட்கிறார்கள். பண்டில் ஐடி மாறாமல் அப்படியே போகும், ரிவ்யூவும் கூடவே போகும். ஆனால் டீம் ஐடி மாறுகிறது, அதாவது முழு ஆப் ஐடியின் முன்னொட்டு மாறுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து முதல் அப்டேட் போனதும் கீசெயினில் இருக்கும் லாகின் டோக்கனைப் புது பில்ட் படிக்க முடியாது, எல்லாரும் திரும்ப உள்நுழைய வேண்டும். யுனிவர்சல் லிங்க் கோப்பை மாற்ற வேண்டும், பி8 சாவி புது டீமுடையதாக வேண்டும். ஆப்பிள் வழி லாகின் தரும் பயனர் அடையாளமும் டீமுக்கு டீம் வேறு என்பதால் ஒவ்வொரு பயனரையும் பழைய அடையாளத்திலிருந்து புதியதற்கு மாற்றும் ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அந்த ஸ்கிரிப்டின் முதல் பாதியை டிரான்ஸ்ஃபருக்கு முன்பே பழைய டீமின் சாவியால் ஓட்டி முடித்தாக வேண்டும். அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் தேதியை அது முடிந்த பிறகு சொல்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.